உழைப்பிலிருந்து உடலியக்கத்துக்கு: இந்தியத் தேசியத் தரவு மூலங்களில் உடலியக்கப் பதிவின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

இந்திய மக்களின் உடலியக்கம் குறைந்துவருகிறது என்ற கூற்று இன்று பொதுச் சுகாதார விவாதங்களில் ஐயத்துக்கு இடமற்றதாக ஏற்கப்படுகிறது. அக்கூற்றுக்கு அடிப்படையான தேசியத் தரவுகள் எவ்வாறு உருவாயின, எந்த நோக்கத்துக்காகத் திரட்டப்பட்டன என்பது போதிய கவனம் பெறவில்லை. பஞ்சகால நிவாரணப் பணிகள், ஊட்டச்சத்து ஆய்வுகள், வறுமைக் கோட்டு வரையறை, காலப் பயன்பாட்டு ஆய்வுகள், தொற்றா நோய்க் கண்காணிப்பு ஆகிய ஐந்து நிலைகளில் உடலியக்கம் பதிவான முறையை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. ஒவ்வொரு நிலையிலும் உடலியக்கம் வேறொரு கேள்விக்கான துணைத் தகவலாகவே பதிவாகியுள்ளது என்பதும், அதனால் தொடர்ச்சியான காலவரிசைத் தரவு உருவாகவில்லை என்பதும், இக்குறைபாட்டின் சுமை மகளிரின் வீட்டுழைப்பின் மீதே மிகுதியாக விழுகிறது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: உடலியக்கம், உடலுழைப்பு, ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு, வறுமைக் கோடு, காலப் பயன்பாட்டு ஆய்வு, தொற்றா நோய்கள்.

முன்னுரை

தமிழில் உழைப்பு, நடை, உடற்பயிற்சி ஆகியன மூன்று தனிச் சொற்கள். வயலில் நாற்று நடுவது உழைப்பு. பேருந்து நிறுத்தத்துக்குச் செல்வது நடை. காலையில் பூங்காவைச் சுற்றி வருவது உடற்பயிற்சி. பொதுச் சுகாதார அறிவியல் இம்மூன்றையும் ‘உடலியக்கம்’ என்ற ஒரே கருத்துக்குள் அடக்குகிறது. எலும்புத் தசைகளின் அசைவால் ஆற்றல் செலவாகும் எந்தச் செயலும் அதன் பார்வையில் உடலியக்கமே. ஆயினும் அரசு திரட்டிய தரவுகளில் இம்மூன்றும் ஒன்றாகப் பதிவாகவில்லை. உழைப்பு ஓர் அட்டவணையிலும், நடை வேறோர் அட்டவணையிலும், உடற்பயிற்சி மற்றோர் அட்டவணையிலும் இடம்பெற்றன. சிலருடைய உழைப்பு எந்த அட்டவணையிலும் இடம்பெறவில்லை. இப்பிரிவினை தோன்றிய வழியைக் காண, உடலியக்கம் நோய்த்தடுப்பின் பொருளாக மாறுவதற்கு முற்பட்ட காலத்திலிருந்து தொடங்க வேண்டியுள்ளது.

1. தானியமும் கூலியும்: சென்னை மாகாணப் பஞ்சம்

உடலுழைப்பின் அளவு என்ன, அதை ஈடுசெய்ய எவ்வளவு உணவு வேண்டும் என்ற வினா இந்திய நிருவாகத்தில் கூர்மையாக எழுந்த தருணங்களுள் ஒன்று 1876-78ஆம் ஆண்டுகளின் பஞ்சம். நிவாரணப் பணிகளை மேற்பார்வையிட அனுப்பப்பட்ட சர் ரிச்சர்டு டெம்பிள், 1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிவாரண அளவைக் குறைத்தார். வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசுக்கூலியும் என அளவு நிர்ணயிக்கப்பட்டது. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ் இதை எதிர்த்தார். மண் வெட்டியும் கல் உடைத்தும் உழைப்பவருக்கு இந்த அளவு போதாது என்றும், ஒன்றரைப் பவுண்டு தானியத்துடன் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் மாகாண அரசு அளவை ஓரளவு உயர்த்தியது.

இவ்விவாதம் பஞ்ச வரலாற்றில் பலமுறை பேசப்பட்ட ஒன்று. தரவு வரலாற்றின் நோக்கில் அதன் பொருள் வேறு. உழைக்கும் உடலின் ஆற்றல் செலவு அரசின் செலவுக் கணக்கில் ஓர் இனமாக நுழைந்தது. 1880ஆம் ஆண்டின் பஞ்ச ஆணைய அறிக்கையைத் தொடர்ந்து உருவான பஞ்ச விதித்தொகுப்புகள் வேலையளவையும் அதற்குரிய கூலியையும் வகைப்படுத்தின. பதிவானது வெட்டிய மண்ணின் அளவும் வழங்கிய தானியத்தின் எடையும் மட்டுமே. இவ்விரண்டுக்கும் இடையில் இருந்த உடல் நேரடியாக அளக்கப்படவில்லை.

2. தொழிற்பெயரும் கலோரியும்

இரண்டாம் நிலை ஊட்டச்சத்து ஆய்வுக்கு உரியது. ராபர்ட் மெக்காரிசன் 1918ஆம் ஆண்டில் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் தொடங்கிய பெரிபெரி நோய் ஆய்வு, பின்னர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. 1935இல் டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு அதன் இயக்குநரானார். அக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. 1972இல் அந்நிறுவனத்தை மையமாகக் கொண்டு தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்பு அமைப்பை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிறுவியது.

உணவுக் கணக்கெடுப்புக்கு ஒரு பொது அலகு தேவைப்பட்டது. ஒரு குடும்பத்தில் சமைக்கப்படும் உணவு பல வயதினர்க்கும் பல வேலையினர்க்கும் பகிரப்படுவதால், ஒவ்வொருவரின் தேவையையும் ஓர் ஒப்பீட்டு எண்ணாக மாற்ற வேண்டியிருந்தது. இலகு உழைப்பில் ஈடுபடும் ஆணின் தேவை 1 எனக் கொள்ளப்பட்டது. மித உழைப்பில் உள்ள ஆணுக்கு 1.2, கடும் உழைப்பில் உள்ள ஆணுக்கு 1.6 என அமைந்தன. மகளிர்க்கு முறையே 0.8, 0.9, 1.2 என்பன வழங்கின. கழகத்தின் 2010ஆம் ஆண்டுப் பரிந்துரைகளும் இம்மூவகைப் பகுப்பைத் தொடர்ந்தன. அவற்றின்படி இலகு, மித, கடும் உழைப்புடைய ஆணின் நாளாந்தத் தேவை முறையே 2,320, 2,730, 3,490 கிலோ கலோரிகள். பெண்ணின் தேவை 1,900, 2,230, 2,850 கிலோ கலோரிகள்.

ஒருவரை எந்த வகையில் சேர்ப்பது என்பதற்குத் தொழிற்பெயரே பெரும்பாலும் வழிகாட்டியது. ஊட்டச்சத்துப் பரிந்துரை நூல்களில் வழங்கிவந்த தொழில்வாரிப் பட்டியலில் ஆசிரியர், தையற்காரர், அஞ்சற்காரர் ஆகியோர் இலகு உழைப்பு வகையினர். விவசாயக் கூலி, நெசவாளர், ரிக்‌ஷா இழுப்பவர் ஆகியோர் மித உழைப்பு வகையினர். கல்லுடைப்பவரும் சுரங்கத் தொழிலாளரும் கடும் உழைப்பு வகையினர். மகளிர் பட்டியலில் இல்லத்தரசி இலகு உழைப்பு வகையிலும், வீட்டுப் பணிப்பெண் மித உழைப்பு வகையிலும் இடம்பெற்றனர்.

இப்பட்டியலின் கடைசிப் பகுதி தனிக் கவனத்துக்குரியது. பாத்திரம் துலக்குதல், துணி துவைத்தல், தரை துடைத்தல், தண்ணீர் சுமத்தல் ஆகிய பணிகளைக் கூலிக்காகப் பிறர் வீட்டில் செய்யும் பெண் மித உழைப்பினர். அதே பணிகளைத் தம் வீட்டில் செய்யும் பெண் இலகு உழைப்பினர். தசைகளின் அசைவு இரண்டு இடங்களிலும் ஒன்றே. வேறுபாடு கூலியில் மட்டுமே உள்ளது. உடலியல் நோக்கில் தொடங்கிய வகைப்பாடு, செயற்படும்போது கூலியின் அடிப்படையிலான சமூக வகைப்பாடாக மாறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று காண்பது அரிது.

3. வறுமைக் கோட்டுக்குள் மறைந்த உழைப்பு

மூவகைப் பகுப்பு ஊட்டச்சத்து நூல்களோடு நிற்கவில்லை. திட்டக்குழு நியமித்த, ஒய். கே. அலக் தலைமையிலான பணிக்குழு 1979இல் வறுமைக் கோட்டைக் கலோரித் தேவையின் அடிப்படையில் வரையறுத்தது. ஊரகத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,400 கிலோ கலோரி, நகரத்தில் 2,100 கிலோ கலோரி என்பன அதன் அளவுகள். மக்களின் வயது, பாலினம், உழைப்புநிலை ஆகியவற்றின் பரவலைக் கொண்டு இவை கணிக்கப்பட்டன. இரண்டுக்கும் இடையிலான 300 கிலோ கலோரி வேறுபாட்டில், ஊரக மக்கள் நகர மக்களைவிட மிகுதியாக உடலுழைப்பில் ஈடுபடுகின்றனர் என்ற மதிப்பீடு அடங்கியிருந்தது. அவ்வகையில் இந்திய வறுமைக் கோடு, பெயர் சுட்டப்படாத ஓர் உடலியக்கப் புள்ளிவிவரமாகவும் விளங்கியது.

2014இல் சி. ரங்கராஜன் தலைமையிலான வல்லுநர் குழு, மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் புதிய பரிந்துரைகளைப் பின்பற்றி ஊரகத்துக்கு 2,155, நகரத்துக்கு 2,090 கிலோ கலோரி எனக் கணித்தது. முன்பு 300 ஆக இருந்த இடைவெளி 65 ஆகச் சுருங்கியது. பரிந்துரை அளவுகளின் மாற்றமும் உழைப்புநிலை பற்றிய மதிப்பீட்டின் மாற்றமும் இச்சுருக்கத்தில் கலந்துள்ளன. அளந்தறிந்த உடலியக்கத் தொடர்வரிசை எதுவும் இவ்விரு கணக்கீடுகளுக்கும் இடையில் இல்லை.

இவ்வின்மையின் விளைவு ஒரு முக்கிய விவாதத்தில் வெளிப்பட்டது. தேசிய மாதிரி ஆய்வுகளின்படி 1983க்கும் 2004-05க்கும் இடையில் ஊரக இந்தியாவின் சராசரிக் கலோரி நுகர்வு ஏறத்தாழ 10 விழுக்காடு குறைந்தது. இதை ஊரக வறுமை ஆழமானதன் அடையாளமாக உத்சா பட்நாயக் போன்றோர் கண்டனர். ஆங்கஸ் டீட்டனும் ழான் திரேசும் 2009இல் வெளியிட்ட கட்டுரையில் வேறொரு விளக்கத்தை முன்வைத்தனர். இயந்திரமயமாக்கம், போக்குவரத்து வசதி, குடிநீர் வசதி, குறைந்த நோய்ச்சுமை ஆகியவற்றால் கலோரித் தேவையே குறைந்திருக்கக்கூடும் என்பது அவர்களின் கருதுகோள். அதை நேரடியாக நிறுவப் போதிய உடலியக்கத் தரவு இல்லை என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. மக்கள் பசியால் குறைவாக உண்கின்றனரா, உழைப்புக் குறைந்ததால் குறைவாக உண்கின்றனரா என்பது ஒரு நாட்டின் நலக்கொள்கையைத் தீர்மானிக்கும் வினா. அவ்வினாவுக்கு விடை கூறும் கருவி தேசியத் தரவுக் களஞ்சியத்தில் இடம்பெற்றிருக்கவில்லை.

4. நேரத்தின் கணக்கு

உழைப்பை நேரத்தால் அளக்கும் முயற்சி பெண்ணியப் பொருளியலின் தூண்டுதலால் வலுப்பெற்றது. மத்தியப் புள்ளியியல் அமைப்பு 1998 ஜூலை முதல் 1999 ஜூன் வரை அரியானா, மத்தியப் பிரதேசம், குஜராத், ஒரிசா, தமிழ்நாடு, மேகாலயா ஆகிய ஆறு மாநிலங்களில் 18,591 குடும்பங்களிடையே காலப் பயன்பாட்டு ஆய்வை நடத்தியது. தேசியக் கணக்கில் சேரும் பணிகளில் ஆண்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 42 மணி நேரமும் பெண்கள் 19 மணி நேரமும் செலவிட்டனர். அக்கணக்கில் சேராத வீட்டுப் பணி, பராமரிப்புப் பணி முதலியவற்றில் பெண்கள் 34.6 மணி நேரமும் ஆண்கள் 3.6 மணி நேரமும் செலவிட்டனர்.

நாடளாவிய முதல் ஆய்வு இருபது ஆண்டுகள் கழித்து, 2019 ஜனவரி முதல் டிசம்பர் வரை நடைபெற்றது. 1,38,799 குடும்பங்களைச் சேர்ந்த, 6 வயதும் அதற்கு மேலும் நிரம்பிய 4,47,250 பேரிடம் முந்தைய நாளின் அதிகாலை 4 மணி முதல் 24 மணி நேரச் செயல்கள் அரைமணிக் கூறுகளாகக் கேட்டுப் பதிவு செய்யப்பட்டன. ஊதியமற்ற வீட்டுப் பணியில் ஈடுபட்ட பெண்கள் அதில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். 2024ஆம் ஆண்டின் ஆய்வில் இவை முறையே 289, 88 நிமிடங்களாயின.

வீட்டுழைப்பை அரசின் அட்டவணைக்குள் கொண்டுவந்தது இவ்வாய்வுகளின் நிலையான பங்களிப்பு. எனினும் அவை அளந்தது நேரத்தை; உடலின் ஆற்றல் செலவை அன்று. துணி துவைத்தல் என்ற பதிவு, துவைகல்லில் அடித்துத் துவைப்பதையும் இயந்திரத்தில் துவைப்பதையும் ஆற்றல் செலவின்படி பிரித்துக் காட்டுவதில்லை. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டம், அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் செலவான தோள்வலியைப் பல வீடுகளில் குறைத்தது. அம்மாற்றத்தின் அளவைக் காலப் பயன்பாட்டு ஆய்வின் நிமிடக் கணக்கிலிருந்து மட்டும் பெறுவது இயலாது.

நடையின் பதிவும் இத்தகையதே. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பணியிடத்துக்குச் செல்லும் தொலைவையும் பயண முறையையும் வினவியது. விவசாயிகள், விவசாயத் தொழிலாளர், வீட்டுத் தொழில் செய்வோர் ஆகியோர் நீங்கலான ஏறத்தாழ 20 கோடி ‘பிற தொழிலாளர்’ பற்றியதே அந்த அட்டவணை. அவர்களுள் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியவர்கள் நடந்தோ மிதிவண்டியிலோ பணிக்குச் சென்றனர். வயலுக்கு நடப்பவரும் விறகுக்கும் தண்ணீருக்கும் நடப்பவரும் அக்கணக்கில் இல்லை. 2021இல் நடைபெற வேண்டிய கணக்கெடுப்பு நடைபெறாமையால் அந்த அளவிலான அடுத்த ஒப்பீடும் இதுவரை வாய்க்கவில்லை.

5. உழைப்புக் குறைவு நோய்க் காரணியாதல்

இதுவரை கண்ட நிலைகளில் அரசின் கவலை மிகையான உழைப்பும் போதாத உணவும் பற்றியது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வினா தலைகீழாயிற்று. ஜெர்ரி மோரிசும் அவர்தம் குழுவினரும் 1953இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, இலண்டன் போக்குவரத்துத் தொழிலாளருள் 35 முதல் 64 வயது வரையிலான ஏறத்தாழ 31,000 ஆண்களை உள்ளடக்கியது. நாள் முழுதும் அமர்ந்திருக்கும் ஓட்டுநரைவிட, ஈரடுக்குப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கும் நடத்துநர்க்கு இதயத் தமனி நோய் குறைவாக இருந்தது. அதன்பின் உடலியக்கம் ஈடுசெய்யப்பட வேண்டிய செலவாக மட்டும் கருதப்படாமல், பாதுகாக்கப்பட வேண்டிய நலமாகவும் கருதப்பட்டது.

இப்புதிய நோக்குக்கு உரிய பொதுக் கருவியாக உலக சுகாதார நிறுவனம் 2002இல் உலகளாவிய உடலியக்க வினாநிரலை உருவாக்கியது. பணி, பயணம், ஓய்வுநேரம் ஆகிய மூன்று களங்களிலும் உள்ள இயக்கத்தையும், அமர்ந்திருக்கும் நேரத்தையும் 16 வினாக்கள் வாயிலாக அது அறிகிறது. ஓய்வுநிலை ஆற்றல் செலவின் மடங்கைக் குறிக்கும் ‘மெட்’ என்ற அலகில் மிதமான இயக்கம் 4 எனவும் கடுமையான இயக்கம் 8 எனவும் கொள்ளப்பட்டு, வாரத்துக்கு 600 மெட்-நிமிடங்களுக்குக் குறைந்தவர் போதிய இயக்கமற்றவர் எனப்பட்டார். ஊதியமற்ற பணியையும் வீட்டு வேலையையும் ‘பணி’ என்பதற்குள் இவ்வினாநிரல் சேர்த்துக்கொண்டது குறிப்பிடத்தக்க முன்னேற்றம்.

இந்தியாவில் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் கீழ் 2007-08இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் தொற்றா நோய் இடர்க்காரணிகள் ஆராயப்பட்டன. நாடளாவிய நிலையில் தேசியத் தொற்றா நோய்க் கண்காணிப்பு ஆய்வு 2017-18இல் 12,000 குடும்பங்களை உள்ளடக்கி நடத்தப்பட்டது. போதிய உடலியக்கமின்மையை 2025க்குள் 10 விழுக்காடு குறைக்கும் இலக்கை இந்தியா 2013இலேயே ஏற்றிருந்தது. இலக்கு முதலில் வந்தது. அதை அளக்கும் நாடளாவிய ஆய்வு பின்னரே வந்தது. ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை எட்டிய ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றைப் பதிவு செய்தது. உடலியக்கத்துக்கென ஒரு வினாத்தொகுதி அதில் இல்லை.

6. பொருந்தாத எண்கள்

இன்று மேற்கோள் காட்டப்படும் எண்களைக் கால வரிசையில் வைத்தால் அவற்றின் இயல்பு தெளிவாகும். தமிழ்நாடு, மகாராட்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய பகுதிகளில் 14,227 பேரிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளியான மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நீரிழிவு ஆய்வின் ஒரு பகுதி, 54.4 விழுக்காட்டினர் இயக்கமற்றவர் என்றது. உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட கணிப்பு, 2016ஆம் ஆண்டுக்கு 34 விழுக்காடு என்றது. 2017-18ஆம் ஆண்டின் தேசியக் கண்காணிப்பு ஆய்வு 41.3 விழுக்காடு என்றது. 2024இல் வெளியான புதிய உலகளாவிய கணிப்பு, 2022ஆம் ஆண்டுக்கு 49.4 விழுக்காடு என்றது. ஆண்களுள் 42, பெண்களுள் 57 விழுக்காடு என அது பிரித்துக் காட்டியது.

இவற்றை ஒரே கோட்டில் இணைத்தால், இந்தியரின் உடலியக்கமின்மை சில ஆண்டுகளில் வெகுவாகக் குறைந்து பின்னர் விரைந்து கூடியது என்ற பொருந்தா முடிவு கிடைக்கும். ஆய்வுப் பகுதி, வயது வரம்பு, வெட்டுப்புள்ளி, கணிப்பு முறை ஆகியன ஒவ்வொன்றிலும் வேறுபடுவதே இதற்குக் காரணம். தனித்தனியே ஒவ்வோர் எண்ணும் தன் முறைக்குள் பொருளுடையது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து மாற்றத்தைக் கூறுவது முறையன்று.

மகளிர் பற்றிய எண் மேலும் ஆழ்ந்த பரிசீலனைக்கு உரியது. 2019ஆம் ஆண்டின் காலப் பயன்பாட்டு ஆய்வின்படி 81 விழுக்காட்டுப் பெண்கள் வீட்டுப் பணியில் ஈடுபட்டனர். நாளொன்றுக்கு 299 நிமிடங்கள் என்பது வாரத்துக்கு 2,093 நிமிடங்கள். அதில் பதினான்கில் ஒரு பங்கு மித இயக்கமாக அமைந்தாலே 150 நிமிடம் என்ற வார அளவு நிறைவேறிவிடும். சமையற் பணியின் பெரும்பகுதி அந்த அளவுக்குக் கீழ்ப்பட்டது. பெருக்குதலும் துடைத்தலும் பொதுவாக அதை எட்டுவன. அங்ஙனமாயின் 57 விழுக்காட்டுப் பெண்கள் இயக்கமற்றவர் என்ற முடிவு எவ்வாறு கிடைக்கிறது?

மூன்று விடைகள் இயலக்கூடியன. வீட்டுப் பணியில் உண்மையிலேயே தீவிரம் குறைந்திருக்கலாம். துண்டு துண்டாக நிகழும் பணி, ‘இடைவிடாது 10 நிமிடம்’ என்ற பழைய வினாவின் வரம்புக்கு வெளியே நின்றிருக்கலாம். அவ்வரம்பை உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் நீக்கிவிட்டன. வினவப்பட்ட பெண்ணே தம் வீட்டுப் பணியை ‘வேலை’ எனக் கருதாமல் விடையளித்திருக்கலாம். முதல் விடை சரியெனில் அவருக்கு உடற்பயிற்சிக்கான இடமும் நேரமும் தேவை. பின்னிரு விடைகள் சரியெனில் அவருக்குத் தேவை ஓய்வு. ஒரே எண்ணிலிருந்து எதிரெதிரான இரண்டு கொள்கைகள் பிறக்கக்கூடும் என்பதே இங்குள்ள இடர்.

முடிவுரை

பஞ்ச நிவாரணம் உடலுழைப்பைக் கூலிக்காகப் பதிவு செய்தது. ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு அதைத் தொழிற்பெயரால் வகைப்படுத்தியது. வறுமைக் கோடு அதைத் தன் கணக்கீட்டுக்குள் ஓர் அனுமானமாக வைத்துக்கொண்டது. காலப் பயன்பாட்டு ஆய்வு அதன் நேரத்தை மட்டும் அளந்தது. தொற்றா நோய்க் கண்காணிப்பு அதன் குறைவை மட்டும் தேடியது. ஐந்து நிலைகளிலும் உடலியக்கம் மற்றொரு வினாவின் துணைத் தகவலாகவே நின்றது. பிறர் வீட்டில் பணிசெய்தால் மித உழைப்பினர், தம் வீட்டில் செய்தால் இலகு உழைப்பினர் என்ற பழைய பட்டியலின் நிழல் இன்றைய எண்களின் மீதும் படிந்துள்ளது.

இவ்வரலாற்றிலிருந்து சில நடைமுறை முடிபுகள் பெறப்படுகின்றன. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் மாறாத சொற்களால் அமைந்த ஒரு குறு வினாத்தொகுதியைச் சேர்ப்பது, மாவட்ட அளவில் ஒப்பிடத்தக்க தொடர்வரிசையைத் தரும். காலப் பயன்பாட்டு ஆய்வில் முதன்மை வீட்டுப் பணிகளுக்குக் கருவியின் வகையையும் சேர்த்துப் பதிவு செய்தால், நேரக் கணக்கை ஆற்றல் கணக்காக மாற்ற இயலும். சிறு துணைமாதிரியில் அசைவுமானிகளைப் பயன்படுத்தினால், வாய்மொழி விடைகளின் பிழையளவு தெரியவரும். அமெரிக்கத் தேசிய உடல்நல, ஊட்டச்சத்துப் பரிசோதனை ஆய்வு 2003-04இல் இவ்வாறு அளந்தபோது, பரிந்துரைத்த அளவை எட்டிய வளர்ந்தோர் 5 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருந்தனர். மக்கள் தாமே கூறியபோது கிடைத்த எண் அதைவிடப் பன்மடங்கு மிகுதி.

வினாநிரலில் ‘வேலை’ என்ற சொல் எவ்வாறு கேட்கப்படுகிறது என்பது இம்மூன்றுக்கும் அடிப்படை. ‘என்ன வேலை பார்க்கிறீர்கள்’ என்று கேட்டால் ‘வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்’ என விடையளிக்கும் பெண்கள் தமிழகத்தில் மிகப் பலர். அவ்விடையை அப்படியே குறித்துக்கொள்ளும் வரை, எவ்வளவு பெரிய மாதிரியைக் கொண்ட தேசிய ஆய்வும் அவர்களின் உடல் செய்த உழைப்பை இயக்கமின்மை என்றே பதிவு செய்யும்.